பட்டை சீவிய பதினோரு மரங்கள்

பதினோரு மரங்களுக்கும் பட்டை சீவச் சொன்னது நான்தான். பழியை வேறு யார் மீதும் போட வழியில்லை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். போடிமெட்டுக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரிவில், ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டம் என் கைக்கு வந்திருந்தது. நாங்கள் குடியிருந்த போடியில் ஏறினால் ஜீப்பு ஒரு வளைவில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் இறங்க வேண்டும். பாதை முடியும் இடத்தில் எங்கள் தகரக் கொட்டகை.

எனக்கு எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் குழம்பு விழுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிடுவேன் என்று என் மனைவி சொல்வாள். அப்பா அந்தத் தோட்டத்தை அவர் போக்கில் விட்டிருந்தார். நாவல், ஆயினி, அத்தி, குங்கிலியம் எல்லாம் காட்டில் நின்றபடியே நின்றன. அதற்கடியில், ஈரத்தில், ஏலச்செடி. மத்தியானம்கூட உள்ளே இருட்டுக் கட்டிக் கிடக்கும். எனக்கு அந்த இருட்டைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ இழந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

போடியில் ஏலக்காய் விற்கப் போகும் இடத்தில் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நிழலைக் குறைத்தால் காய் கூடும் என்று. மேல்தோட்டத்துக்காரர் தன் மரங்களைக் கழித்துவிட்டு அந்த வருஷம் நல்ல காய் எடுத்திருந்தார். "வெயில் விழுந்தாத்தான்யா சரம் எறங்கும். நீ என்ன ஏலம் வளக்குறியா, காடு வளக்குறியா?" என்று என்னிடம் கேட்டார். சரம் என்றால் செடியின் தூரிலிருந்து தரையோடு ஓடும் பூங்கொத்து. அதில்தான் காய் பிடிக்கும். அவர் கேட்டது அன்று முழுக்க என் காதுக்குள்ளேயே இருந்தது.

மரத்தை வெட்டிச் சாய்த்தால் கீழே இருக்கும் செடி நசுங்கிப்போகும். அதனால் மலையில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அடிமரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி வர சீவி எடுத்துவிட்டால் போதும். மரம் நின்றபடியே சாகும். இலை உதிரும், சுள்ளி உதிரும், வெயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். சத்தமில்லாத வேலை.

தோட்டத்திலேயே தங்கியிருந்த புருஷன் பெண்டாட்டி இருவர்தான் அதைச் செய்தார்கள். அவன் என் வயதுக்காரன், கீழே சமவெளிக் கிராமத்திலிருந்து வந்தவன். அவள் எல்லைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்தவள். பேச்சில் மலையாளம் கலந்து வரும். அவன் அரிவாளால் சீவிக்கொண்டே போக, அவள் பட்டையை அள்ளி ஒதுக்கிக்கொண்டு வந்தாள். பெரிய குங்கிலிய மரத்துக்கு முன்னால் நின்றாள்.

"மொதலாளி, ஈ மரமுமா?"

"அதுவுந்தான்."

"இதுல எம்புட்டுக் குருவி வந்து பழம் திங்குது தெரியுமா?"

"குருவிக்கா தோட்டம் போட்டிருக்கோம்? சோலியப் பாரு தங்கச்சி. வெரசா முடிக்கணும்."

அவள் குனிந்து பட்டையை அள்ள ஆரம்பித்தாள். சீவின இடத்தில் பிசின் வழிந்து கறுத்துக் கட்டியானது. காய் எடுக்க வந்த பெண்கள் சாம்பிராணிக்கு ஆகும் என்று அதைச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

முதல் வருஷம் நான் நினைத்தது போலவே நடந்தது. சரம் நன்றாக இறங்கியது, காய் கூடியது. நான் போடியில் கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. இரண்டாவது வருஷம் மாசி மாதத்திலேயே இலைகள் சுருள ஆரம்பித்தன. பங்குனியில் நுனி கருகியது. தட்டைகள், அதாவது செடியின் தண்டுகள், மஞ்சளாகிச் சாய்ந்தன. தோட்டத்தின் அடியில் பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. அதுவரை அது வற்றி நான் பார்த்ததில்லை. அந்தப் பங்குனியில் அது நூல் மாதிரி ஆகி, பிறகு வெறும் ஈரச் சேறாகி நின்றது. தோட்டத்தில் தங்கியிருந்த அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைவரைக்கும் இறங்கி ஏற வேண்டி வந்தது.

வாரத்தில் மூன்று தடவை, நான்கு தடவை மேலே போனேன். விடிகாலையில் போய் ஜீப்புக்குக் காத்து நிற்பேன். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து ஏறுவார்கள். பின்னால் தொங்கிக்கொண்டாவது போய்விடுவேன். போய் என்ன செய்தேன்? செடிக்குச் செடி குனிந்து பார்த்தேன். ஊற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தேன்.

"தெனமும் மேல போயி என்னதான் செய்றீங்க?" என்றாள் மனைவி.

"பாக்குறேன்."

"நீங்க பாத்தா தண்ணி ஊறிருமா?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் வீட்டில் இருக்கும் நேரத்திலும் வீட்டில் இல்லை என்பதை மனைவி கண்டுகொண்டிருந்தாள்.

மூன்றாவது வருஷம் ஆடி மாதக் காற்று. மழையும் காற்றுமாக மலையே ஆடிக்கொண்டிருந்தது. காலை பத்து மணி இருக்கும். மழை கொஞ்சம் வெறித்திருந்த நேரத்தில் களையெடுக்க இறங்கியிருந்தோம். தலைக்கு மேலே கட்டை முறிகிற சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பட்டுப்போன நாவல் மரத்தின் கிளை ஒன்று கீழே வந்துவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து இருபது அடி தள்ளி, மரங்களைச் சீவிய அவன் மேல். அவன் கத்தவில்லை. "அம்மா" என்று மெதுவாகச் சொன்னான். கிளையைப் புரட்டித் தள்ளியபோது முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் கிடந்தது.

இரண்டு கம்பை வைத்துச் சாக்கால் காலைக் கட்டினோம். கம்பளியில் தூளி மாதிரி போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினோம். முக்கால் மணி நேரப் பாதை அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ரோட்டுக்கு வந்தால் ஒரே மூடுபனி. ஜீப்பு வருகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும், வராது. அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். நான் வளைவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் ஏலக்காய் லோடு ஏற்றின ஜீப்பு ஒன்று வந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு அவனை ஏற்றினோம்.

ஜீப்பு இறங்கும்போது எல்லோர் முன்னாலும் அவள் கேட்டாள்: "செத்த மரம் எப்ப விழும்னு யாருக்குத் தெரியும்? உசிரோட நின்ன மரத்த ஏன் மொதலாளி கொன்னீங்க?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

கால் கூடுவதற்கு நான்கு மாதம் ஆனது. கூடியும் ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என் மனைவிதான் கஞ்சியும் சோறும் கொண்டுபோனாள். அவளும் அந்தப் பெண்ணும் அங்கே என்ன பேசிக்கொண்டார்களோ, அதற்குப் பிறகு இருவரும் ஒரே கட்சி. நான் இன்னொரு கட்சி. "அவன ஏறச் சொல்லாதீங்க இனிமே. உக்காந்து செய்ற சோலியாப் பாத்துக் குடுங்க" என்று மனைவி எனக்கு உத்தரவு போட்டாள்.

மரம் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். மேல்தோட்டத்துக்காரர் சில்வர் ஓக்கு வை, ஆறு வருஷத்தில் வளர்ந்துவிடும் என்றார். அவர் செடிகளும் கருகித்தான் இருந்தன, அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எதைக் கொன்றேனோ அதையே வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. தோட்டத்து நன்மையை யோசித்து வந்த பிடிவாதம் என்று சொன்னால் பொய். ஜீப்பில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

குரங்கணிக்கு மேலே காட்டுப் பாதையில் இரண்டு நாள் அலைந்து கொட்டைகள் பொறுக்கினேன். குங்கிலியம், நாவல், ஆயினி. போடி வீட்டுக் கொல்லையில் பழைய எண்ணெய் டின்களில் மண் போட்டு ஊன்றினேன். மலைக்குப் போகாத நாளிலும் கண் முன்னாலேயே இருக்கும் என்று கணக்கு. ஒரு மழைக்குக் கொஞ்சம் முளைத்தன. கோடை வந்தது. மனைவி ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றினாள். டின் சூடேறி மண் வெந்தது. மத்தியான அனலில் இலைகள் காகிதமாகின. சித்திரை முடியும்போது இரண்டு நாவல் கன்று மட்டும் மிச்சம்.

"இந்த ஊரு வெயில்ல எனக்கே தலை சுத்துது. குளிருல பெறந்தத இங்கன கொண்டாந்து வச்சா?" என்று டின்களைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள். அந்த இரண்டு நாவலும் இன்னும் கொல்லையில் நிற்கின்றன. நாவல் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த வருஷம் மேலேயே விதைத்தேன். மூங்கிலைக் கணுக்கணுவாக நறுக்கிக் குழாயாக்கி, அதில் மண் நிரப்பி, கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக வைத்தோம். அவன்தான் காலை நீட்டி உட்கார்ந்து மண்ணைச் சலித்து நிரப்பினான். குங்கிலியக் கொட்டை கல் மாதிரி. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, ஒன்றும் வெளியே வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக் கொட்டையை எடுத்துப் பார்ப்பேன். அழுகியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பேன். ஒரு நாள் அப்படி எடுத்தபோது கொட்டையின் வாயில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் விரல் பட்டு அது ஒடிந்தது.

அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க தோண்டித் தோண்டிப் பாத்தா அது எப்புடி மொளைக்கும்? கொறச்சு பொறுக்க மாட்டீங்களா?"

"சும்மா ஒண்ணே ஒண்ணுதான்..."

"ஒண்ணா? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முக்காவாசிய கிண்டியாச்சு."

அன்றைக்கே குழாய்களையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அடுப்படிக்குப் பின்னால் வைத்து, ஈச்ச மட்டையால் மறைப்புக் கட்டினாள். "இனிமே இங்கிட்டு வரப்படாது மொதலாளி" என்றாள். முதலாளி என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் பேச்சு அப்படி இல்லை. அந்தக் குழாய்களில் எட்டோ ஒன்பதோ முளைத்தன. நான் கிளறாதவை.

விஷயம் தெளிந்தது அதற்கடுத்த ஆனி மாதத்தில். முதல் மழை பெய்து களை கிளம்பியிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து அரிவாளால் அரிந்துகொண்டு போனார்கள். அவளும் வரிசையில் இருந்தாள். பட்டுப்போன குங்கிலிய மரத்தடியில் நின்று கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் நில்லுங்க. மொதலாளி, இங்கன வாங்க."

சாண் உயரத்தில் ஒரு கன்று. பக்கத்தில் இன்னொன்று. விலக்கிப் பார்த்தால் ஐந்தாறு. ஒன்றைச் சுற்றி அவள் மண்ணை விரலால் ஒதுக்கினாள். வெடித்த குங்கிலியக் கொட்டை வேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரு ஊனினது?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மொட்டைக் கிளையில் பச்சைப் புறாக்கள் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. இலையில்லாத மரம், நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். காட்டில் பழம் தின்றுவிட்டு வருகிற பறவைகளுக்கு அது உட்கார வசதியான இடம். புறா, குக்குறுவான், எப்போதாவது இருவாச்சி. தின்றதை அங்கேயே போடுகின்றன.

நான் அரிவாள்களைப் பார்த்தேன். வருஷத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை களை. நான்தான் கூட நின்று, "ஒட்ட அரிங்க, ஒண்ணும் விடாதீங்க" என்று விரட்டுவேன். நான் குரங்கணிக் காட்டில் அலைந்து பொறுக்கினது, டின்னில் வேகவைத்தது, குழாயில் கிளறினது எல்லாம் ஒரு பக்கம். இங்கே தானாக முளைத்ததை வருஷா வருஷம் கூலி கொடுத்து அரிந்து தள்ளியிருக்கிறேன்.

"இது மட்டும் இல்ல" என்றாள். ஊற்றுக்குப் போகும் வழியில் ஒரு தட்டைப் பாறைக்குக் கூட்டிப் போனாள். பாறை மேல் மரநாயின் எச்சம், புதிதும் பழையதுமாக. நிறைய அத்தி விதை, கூந்தல்பனைக் கொட்டை, எனக்குப் பெயர் தெரியாத ஏதேதோ. பாறையோரத்து மண்ணில் அவை கும்பலாக முளைத்திருந்தன.

அன்றிலிருந்து தோட்டத்தின் முறை மாறியது. கன்று என்று தெரிகிற எதற்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட வேண்டும், அதை விட்டுவிட்டு அரிய வேண்டும். குச்சி தெரிய வேண்டும் என்று என் மனைவி பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து நாடாவாக்கிக் கொடுத்தனுப்பினாள். களையெடுக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள், வேலை ஓடவில்லை என்று. உண்மைதான், இரண்டு நாள் வேலை நான்கு நாள் ஆனது. முதல் தடவை குச்சிகளை எண்ணிக்கொண்டு போனேன். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கஷ்டம் எனக்குத்தான். இதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. சாயாத குச்சியையும் சரிசெய்துகொண்டு திரிந்தேன். ஓர் இடத்தில் நெருக்கமாக இருக்கிறதே என்று பத்துப் பதினைந்தைப் பெயர்த்து வெட்டவெளியாக இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். பெயர்த்தவற்றில் இரண்டோ மூன்றோதான் தேறின. விட்ட இடத்திலேயே விட்டவை வளர்ந்தன. காப்பிச் செடியோரம் ஒன்று, பாதை நடுவில் ஒன்று, கொட்டகைச் சுவரை ஒட்டி ஒன்று என்று அவை தமக்குப் பிடித்த இடத்தில் நின்றன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது.

இதற்கிடையில் அவளோடு ஒரு சண்டை. பட்டுப்போன மரங்களை முழுக்க இறக்க வேண்டும் என்றாள்.

"அதுல உக்காந்துதான குருவி வெத போடுது? நீதான காட்டுன?" என்றேன்.

"குருவி உக்கார்றதுக்கு எம்புருசன் காலு போகணுமா? அடுத்தவளோட புருசன் தலை போகணுமா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மரமேறி ஒருவரைக் கூட்டி வந்தேன். பாதைக்கும் கொட்டகைக்கும் பக்கத்தில் இருந்த நான்கை இறக்கிவிட்டோம். அவை சாய்ந்தபோது நசுங்கின ஏலச்செடிகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற ஏழில் தொங்கின கிளைகளை மட்டும் கழித்தோம். காற்றுக் காலத்தில் அவற்றுக்கடியில் யாரும் வேலை செய்யக் கூடாது என்று வைத்தோம். அப்படியும் ஆடி பிறந்தால் எனக்குப் போடியில் இருப்புக் கொள்ளாது. ஊரில் வாசல் கதவு காற்றில் அடித்தால் மேலே யார் எங்கே நிற்கிறார்களோ என்று மனசு ஓடும். அந்த ஏழில் இரண்டு பிறகு தானாக விழுந்தன. அடியில் ஆள் இல்லை.

அவனோடும் ஒரு பேச்சு பேச வேண்டியிருந்தது. அவன் மரநாய்க்குச் சுருக்கு வைப்பான். சைக்கிள் பிரேக் வயரில் கண்ணி செய்து, வளைத்த கொம்பில் கட்டி, அது நடக்கும் தடத்தில் வைப்பான். மரநாய் ஏலக்காயைத் தின்னும். இவர்களுக்கு அதன் கறி.

"சுருக்க எடுத்துரு" என்றேன்.

"காயத் திங்குது மொதலாளி. ஒரு ராத்திரிக்கு ஒரு செடிய உருவிப்போட்டிரும்."

"தின்னுட்டுப் போகட்டும்."

"அப்பறம் கறிக்கு?"

"ஞாயித்துக்கெழம நான் கீழ இருந்து கொண்டாறேன்."

அவன் சிரித்தான். கால் ஒடிந்த பிறகு என்னைப் பார்த்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஞாயிறுதோறும் அரைக் கிலோ ஆட்டுக்கறியை இலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் தொங்கிப்போனேன். சுருக்குகளை அவன் எடுத்துவிட்டான். ஒன்றை மட்டும் எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டான்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் அதில் மரநாய் மாட்டிக்கொண்டது. நான் பாதையில் இறங்கி வரும்போதே அதன் சீறல் கேட்டது. முன்னங்காலில் வயர் இறுகி, சுற்றிச் சுற்றி வந்து அந்த இடத்து மண்ணையெல்லாம் உழுது போட்டிருந்தது. அவன் நொண்டிக்கொண்டு வந்தான். நான் அதன் மேல் சாக்கைப் போட்டேன். அவன் கவட்டைக் கம்பால் கழுத்தை அமுக்கினான். குறடால் வயரை வெட்டினேன். வெட்டின நொடியில் அது சாக்கோடு சேர்த்து என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு மூன்று காலில் ஓடியது. ஈரப் புதருக்குள் மறைந்தது. பிழைத்ததோ இல்லையோ, தெரியாது. அதற்குப் பிறகு பாறை மேல் புது எச்சம் தெரிகிறதா என்று போய்ப் பார்ப்பேன். இருக்கும். அது போட்டதா வேறொன்று போட்டதா என்று எப்படிச் சொல்வது?

கீழே வந்து தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டேன். தினமும் ஒன்று. "புலி கடிச்சாலும் ஊருல சொல்லிக்கலாம். இத என்னன்னு சொல்ல?" என்று மனைவி கேட்டாள். வயிறு வீங்கி நடக்க முடியாமல் வீட்டில் படுத்துக் கிடந்த அந்தப் பதினாலு நாளும் மகள் என் பக்கத்திலேயே இருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று அவள் தெரிந்துகொண்டது அப்போதுதான். எனக்கும் அவளைப் பற்றி அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. ஒரு வருஷம் அல்ல, அடுத்தடுத்து. மலை முழுக்க ஏலம் காய்ந்தது. மேல்தோட்டத்துக்காரர் அதோடு அந்த நிலத்தை விட்டுவிட்டுக் கம்பம் பக்கம் போய்விட்டார். என் தோட்டம் தப்பியது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் போனது. என் மரங்கள் அப்போது ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம். அவை தரும் நிழல் ஒரு குடை அளவு. ஆனால் பாறைக்குப் பக்கத்தில், கன்றுகள் நெருங்கி நின்ற அரை ஏக்கரில் செடி பச்சையாக இருந்தது. ஊற்று வற்றியது. குடிக்கிற அளவுக்கு மட்டும் பாறைக் குழியில் தண்ணீர் நின்றது. அந்த அரை ஏக்கரில் தூர் பிரித்துத்தான் பிறகு மற்ற இடத்திலெல்லாம் திரும்ப நட்டோம்.

அந்த வருஷங்களில் பயந்துபோய் நானும் தெற்கு எல்லையில் ஒரு வரிசை சில்வர் ஓக்கு வைத்தேன். மற்றவர்கள் எல்லோரும் வைக்கும்போது நாம் மட்டும் முட்டாளாகிவிடுவோமோ என்ற பயம். இப்போதும் அவை நேராக, உயரமாக நிற்கின்றன. மரக்கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மழை திரும்பிய வருஷம் தோட்டத்துப் புருஷன் பெண்டாட்டி இருவரும் கிளம்பினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், அவள் அண்ணன் இருக்கும் எஸ்டேட்டில் காவல் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத இடம். போகிற அன்று நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்னவோ சொல்ல வேண்டும், கால் விஷயமாக. அத்தனை வருஷமும் அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. ரோட்டில் ஜீப்புக்கு நிற்கும்போது சொன்னேன். "அன்னைக்கு நீ கேட்டல்ல தங்கச்சி. எனக்கு அவசரம். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "தெரியும்ணே" என்றாள். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் தங்க ஆள் அமையவில்லை. வருகிறவர்கள் இரண்டு மாதத்தில் போய்விடுவார்கள். தனியான இடம், அட்டைக் கடி. கடைசியில் காய் எடுக்கிற மாதங்களில் நாங்களே மேலே போய்த் தங்குவது என்றானது. மகளைப் போடியில் என் மாமியாரிடம் விட்டோம். மனைவி அரை மனதோடு வந்தாள். வெயிலிலும் அனலிலும் வளர்ந்தவள். முதல் வாரம் முழுக்க அட்டைக்கு உப்புத் தடவுவதும் நனைந்த விறகை ஊதுவதுமாகப் போனது. எனக்குப் பயமாக இருந்தது, எந்த நிமிஷமும் "நான் போறேன்" என்று சொல்லிவிடுவாள் என்று.

நான்கு நாள் மழைக்குப் பிறகு ஒரு நாள் வெளிச்சம் வந்தது. அவள் சேலைகளை அலசி எடுத்துக்கொண்டு கொடிக்கயிற்றோடு வெளியே வந்தாள். ஓர் ஆயினிக் கன்றில் ஒரு முனையைக் கட்டி, எதிரே இருந்த நாவலில் மறுமுனையைக் கட்டினாள். ஈரச் சேலையைப் போட்டதும் ஆயினி வளைந்தது.

"அதுல கட்டாத. பிஞ்சு மரம்" என்று ஓடினேன்.

"அப்ப அந்தக் குங்கிலியத்துல கட்டவா?"

"அதுவும் பிஞ்சுதான்."

"அத்தி?"

நான் சுற்றிப் பார்த்தேன். கை எட்டுகிற தூரத்தில் எல்லாமே மணிக்கட்டுப் பருமன், மிஞ்சினால் முழங்கைப் பருமன். கயிறு கட்டலாம் என்று காட்ட ஒன்றுகூட இல்லை.

"கொட்டகைக்குள்ள கட்டிக்க" என்றேன்.

"உள்ள கட்டுனா மாசி வரைக்கும் காயாது" என்றாள். ஈரச் சேலை தோளில் தொங்க, கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஆணி தேட ஆரம்பித்தாள்.